பள்ளம் என்றால் தண்ணீர்

மகனே,

உனக்கு இப்போது நாலு வயது. இதைப் படிக்கும்போது உனக்கு என் வயது ஆகியிருக்கும், இருபத்தொன்பது. அந்த வயதில் உன்னோடு பேசுவதுதான் எனக்கு வசதி. குழந்தையிடம் பேச எனக்கு வராது. உன் அம்மாவுக்கு வந்தது. அவள் உன்னிடம் பேசுவாள், நீ சொன்னதை என்னிடம் வந்து சொல்வாள், நான் தலையாட்டுவேன். இப்போது நடுவில் ஆள் இல்லை. அதனால் நாம் இரண்டு பேரும் ஒரே வயதில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. அலமாரி மேல் திறந்தேதான் இருக்கும். உன் தலைக்கு மேலே உன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் எடுத்துப் படிக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ தண்ணீர் கேட்டாய். அது உண்மை. மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு "தண்ணி" என்று கேட்டாய், உன் அம்மா எழுந்து போனாள், திரும்பி வரவில்லை. இதை மறைத்து உன்னைச் சமாதானம் செய்ய எனக்கு விருப்பமில்லை. மறைத்தாலும் பயனில்லை, உனக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். ஆனால் சொன்னவர்கள் மலையை விட்டுவிட்டுச் சொன்னார்கள். மலையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உன் வாய் மட்டும்தான். அதனால் நான் மலையைச் சொல்கிறேன். நீளமாகத்தான் சொல்வேன்.

ஆவடியில் என்னைப் போல மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு எல்.டி.சி. என்று ஒன்று உண்டு. சில வருடத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ஊர் சுற்றிவர அரசாங்கமே ரயில் செலவைக் கொடுக்கும். குவார்ட்டர்ஸில் எல்லாரும் ஒரே மாதிரிதான் கிளம்புவார்கள். ஒரு ஸ்டவ், ஒரு மூட்டை அரிசி, ஜாடியில் புளிக்காய்ச்சல், குழந்தைகளுக்குக் குரங்குக் குல்லா. டெல்லி, ஆக்ரா, ஹரித்துவார், அவ்வளவுதான். உன் அம்மா சுகந்திக்கு ஆக்ரா வேண்டாமாம். "சமாதியப் பாக்கவா அவ்ளோ தூரம் போறது? மலைக்குப் போலாங்க. நான் ஏறுனதுலயே ஒசரம் ஆவடி ஸ்டேசன் படிக்கட்டுதான்" என்றாள். என் செக்‌ஷனில் வேலை பார்க்கிற தேவராஜ் அதைக் கேட்டுவிட்டு, "நம்ம சித்தப்பா பையன் மிலிட்டிரில அங்கதான் கீறான் மச்சான். சிம்லா போற வயில ஒரு மலை கீதாம். காலைல ஏறுனா சாயந்தரம் எறங்கிடலாம். மேலேர்ந்து பார்த்தா பனிமலை வரிசையா தெரியுமாம், சோக்கா இருக்குமாம்" என்றான். அப்படித்தான் போனோம். நாம் மூன்று பேர், தேவராஜ் ஒருத்தன். அது அக்டோபர். மழைக்காலம் முடிந்திருந்தது, நாம் போய் இறங்கின ராத்திரி மட்டும் கொட்டித் தீர்த்ததில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

அந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். எனக்கு அது பழகின கல். என் வேலை இரும்பு வார்க்கிற பட்டறையின் சோதனைக்கூடத்தில். உலையில் இரும்போடும் கரியோடும் சுண்ணாம்புக்கல்லையும் போடுவோம். அது உருகி, இரும்பில் இருக்கிற அழுக்கையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு கசடாக மேலே மிதக்கும். வழித்துக் கொட்டிவிடுவோம். லாரியில் கல் வந்து இறங்கினால் ஒரு துண்டை உடைத்து அதன் மேல் ஆசிட் விடுவேன். சுறுசுறுவென்று நுரைத்தால் நல்ல கல். எத்தனையோ லாரிக் கல்லுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது மலையாக நிற்கும்போது எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. அடிவாரத்தில் ஒரு துண்டை எடுத்து உன் அம்மாவிடம் காட்டினேன். "இது நம்ம ஃபேக்டரி கல்லு." "மலையவா ஒடச்சி அடுப்புல போடுறீங்க?" "ஆமா." "நல்லா இருப்பீங்க" என்று சிரித்தாள். அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் பாறைக்கு அடியிலிருந்து ஒரு ஊற்று, கை வைத்தால் விறைக்கிற தண்ணீர், நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் குடித்தோம். நீ முகத்தை நனைத்துக்கொண்டு கத்தினாய். டீக்கடைக்காரர் மேலே கையைக் காட்டி, மேலே தண்ணீர் கிடையாது, இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், பெரிய கேன் தருகிறேன், எட்டணா கொடுங்கள் என்று இந்தியில் சொன்னார். புரியாமல் இல்லை, நன்றாகப் புரிந்தது. தேவராஜ் சிரித்தான். "கேன் விக்கறதுக்குக் கத உட்றான் மாமே. ராத்திரி பூரா கொட்டு கொட்டுனு கொட்டிச்சு, மேல தண்ணி இல்லியாமா." உன் அம்மாவும் சிரித்தாள். "நம்மூர்ல ஒரு தூறல் போட்டாவே நாலு நாளைக்கி முட்டிக்கால் தண்ணி. இவ்ளோ மழைக்கி மேல கொளமே இருக்கும்" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கம்பளித் துணி சுற்றின ராணுவ பாட்டில் ஒன்று இருந்தது. அதை மட்டும் நிரப்பிக்கொண்டோம்.

பாதி வழி வரை பைன் மரம். கீழே கொட்டிக் கிடக்கிற ஊசி இலையில் கால் வழுக்கும். உன்னை நானும் தேவராஜும் மாற்றி மாற்றித் தோளில் தூக்கினோம். அதற்கு மேல் மரம் குறைந்து சாம்பல் நிறப் பாறை. அந்தப் பாறையை மழை நக்கி நக்கி மேல்பக்கம் கத்தி மாதிரி ஆகியிருந்தது. பிடித்து ஏறினால் உள்ளங்கை கிழியும். உன் அம்மா ரப்பர் செருப்பில் வந்தாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினாள். வெயில் படுகிற பக்கம் வேர்த்தது, ஒரு திருப்பம் திரும்பி நிழலுக்குப் போனால் பல் அடித்துக்கொண்டது. நடுப்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து நம்மைத் தாண்டி மேலே போனது. மேகம் கீழேயிருந்து வருவதை அதுவரை நான் பார்த்ததில்லை. "ஏங்க, நம்ம கால்ல வந்து மோதுது பாருங்க" என்று அவள் மேகத்தை உதைத்தாள். நீ அவளைப் பார்த்துவிட்டு என் தோளில் இருந்தபடியே காலை உதைத்தாய். என் நெஞ்சில் பட்டது.

உச்சியில் கல்லை அடுக்கிக் கட்டின சின்னக் கோயில், சிவப்புக் கொடி, மணி. மேகம் விலகினதும் வடக்கே பனிமலை முழுக்கத் தெரிந்தது. பிறகு உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். ரயிலில் வந்த மூன்றாவது நாள் புளிக்காய்ச்சல், உப்பு தூக்கலாக இருந்தது. பாட்டில் காலியானது. நீ தண்ணீர் கேட்டாய். உன் அம்மா எழுந்து சுற்றிப் பார்த்தாள். எங்கேயும் ஒரு சொட்டு இல்லை. விடிய விடிய மழை பெய்த பாறை, காய்ந்து வெள்ளையாக இருந்தது.

இந்த இடத்தில் நீ கல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த மலை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் படிந்த சேறு. இறுகிக் கல்லாகி, பூமி நெருக்கின நெருக்கில் மேலே வந்தது. மழை காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் இறங்கும். மற்ற கல்லை அது ஒன்றும் செய்யாது. சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். வெடிப்பில் இறங்கி, வெடிப்பைச் சந்தாக்கி, சந்தைக் கிணறாக்கிவிடும். அதனால் அந்த மலை மேல் எவ்வளவு கொட்டினாலும் நிற்காது. விழுந்ததும் மலை குடித்துவிடும். உள்ளுக்குள்ளேயே ஓடி அடிவாரத்தில் ஊற்றாக வெளியே வரும். அந்த டீக்கடைக்குப் பின்னால் வந்ததே, அதுதான். மேலே தேடின தண்ணீரை நாம் கீழேயே குடித்துவிட்டுத்தான் ஏறியிருந்தோம்.

நம் ஊர் அப்படியில்லை. திருநின்றவூரிலிருந்து பாரிவாக்கம் வரைக்கும் நடந்து பார், ஏரியும் குட்டையும்தான். களிமண், தண்ணீர் போக இடமில்லாமல் தேங்கும். பள்ளம் என்றால் தண்ணீர், பச்சை என்றால் தண்ணீர். யாரும் சொல்லித்தருவதில்லை, காலுக்கே தெரியும். உன் அம்மா திருநின்றவூர் ஏரிக்கரையில் பிறந்தவள். கோயிலுக்குக் கொஞ்சம் கீழே கிண்ணம் மாதிரி வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. மலை முழுக்கப் புல் பழுத்துக் கிடக்க, அதில் மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தது. பார்த்த நாங்கள் மூன்று பேரும் குட்டை என்றுதான் நினைத்தோம். "தோ பாருங்க, நம்மூரு மாதிரியே" என்றாள். பாட்டிலை எடுத்துக்கொண்டாள். உன்னிடம், "இரு கண்ணு, தோ வந்துட்டேன்" என்றாள். சரிவில் இறங்கினாள். அந்த மாதிரிப் பள்ளம், மலை தண்ணீர் குடிக்கிற வாய். நடுவில் புல்லுக்கு அடியில் தரை கிடையாது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தலை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. சத்தம் எதுவும் வரவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால் புல் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்குக் கறுப்பாக ஓட்டை. பாட்டில் விளிம்பில் கிடந்தது. தேவராஜ் குப்புறப் படுத்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். நான் ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டேன். போட்டுவிட்டு நொடியை எண்ணினேன். விழுகிற நேரம் தெரிந்தால் ஆழம் தெரியும், ஆழம் தெரிந்தால் எவ்வளவு கயிறு வேண்டும் என்று தெரியும். அவ்வளவுதான் மண்டையில் ஓடியது. இரண்டாவது கல்லை எடுத்தபோது தேவராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டான். "டேய், இன்னாடா பண்றே... உள்ள அவ கீறாடா." அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் கணக்கு முடிந்துவிட்டது, விடையும் வந்துவிட்டது. எந்த ஒற்றைக் கயிறும் போதாது என்று எனக்குத் தெரிந்தது. நீ கோயில் படியில் உட்கார்ந்து பாறையைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாய்.

மறுநாள் கீழ்க் கிராமத்து ஆட்கள் கயிறுகளைச் சேர்த்து முடிந்து, ஒருவரை இறக்கி, அவளை மேலே கொண்டுவந்தார்கள். விழுந்த உடனேயே முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். அதைச் சொல்வது வழக்கம். ஆனால் இறங்கினவரை நான் தனியாகக் கேட்டேன், அவர் என் கண்ணைப் பார்த்து அதையேதான் சொன்னார். அடிவாரத்துக்குக் கொண்டுவந்து அந்த ஊற்றுத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள். அன்றைக்கு அது கொஞ்சம் கலங்கலாக வந்தது. டீக்கடைக்காரர்தான் குடம் குடமாக எடுத்துக் கொடுத்தார். சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்படவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பார். யார் மேல் குற்றம் என்று ரயிலில் வரும்போதெல்லாம் தேடிக்கொண்டே வந்தேன். கிடைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பட்டறையில் ஒரு வார்ப்பு உடைந்தால் ஏன் உடைந்தது என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். இதற்கு நான் எழுதக்கூடிய வரி ஒன்றே ஒன்றுதான். கல் கரையும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் மாமா, சுகந்தியின் அண்ணன், திருநின்றவூரிலிருந்து வந்தார். இலை போட்டிருந்தது. தேவராஜ் அழுதுகொண்டே யாரிடமோ சொன்னது அவர் காதுக்குப் போயிருந்தது. பந்தியில் எல்லாரும் கேட்கிற மாதிரி, "இன்னா மச்சான், எந்தங்கச்சி மேல கல்லு போட்டுப் பாத்தியாமே? உயிரு கீதா இல்லியானு செக் பண்ணியா?" என்றார். மறுக்க என்ன இருக்கிறது, போட்டேன். என் அக்கா, உன் அத்தை, பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு என்னைக் காப்பாற்ற வேண்டும், கையில் எது கிடைத்தாலும் எடுத்து அடிப்பாள். "எந்தம்பிய இன்னாயா கேக்குற? அவனா தள்ளிவுட்டான்? இந்தப் புள்ள தண்ணி தண்ணினு கத்திச்சு. அவளா எயுந்து பூட்டா. போயி இவனக் கேளு!" என்று கையை நீட்டினாள். நீட்டின பக்கம் நீ இருந்தாய். இலை முன்னால் சம்மணம் போட்டு, வாயில் அப்பளத்தோடு. "அக்கா, நிறுத்து" என்றேன். ஆனால் அந்த வார்த்தை உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. நீ அப்பளத்தை மெல்வதை நிறுத்தினாய். உன் மாமா உன்னைப் பார்த்தார். பெரிய மனிதர்கள் எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கே குற்றம் சொல்ல ஆள் கிடைத்துவிட்டது, அதற்கு மூன்றரை வயது. சாப்பிட்டுக் கைகழுவுகிற இடத்திலேயே எனக்குப் பெண் பார்க்கிற பேச்சும் ஆரம்பித்தது. "சின்ன வயசு, ஆம்பள, எப்டி இருப்பான்?" என்றார்கள். நான் ஈரக்கையைத் துடைக்கத் துண்டு தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு நம் ஊர் மழை வந்தது. வழக்கம்போலத் தெருவெல்லாம் தண்ணீர். மற்ற பிள்ளைகள் குதித்தார்கள். நீ எந்தக் குட்டையிலும் கால் வைக்கவில்லை. குழி விழுந்த இடத்தையெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றிப் போனாய். அது எனக்குப் புரிந்தது. இன்னொன்று புரிய நாளானது. நீ தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டாய். சாப்பாட்டோடு வைத்தால் குடிப்பாய். வைக்காவிட்டால் கேட்கமாட்டாய். காரியத்துக்கு வந்து நம்மோடேயே தங்கிவிட்ட அத்தைதான் கண்டுபிடித்தாள். மாசி வெயிலில் ஒருநாள், "இன்னாடா இது, புள்ள காலைலேர்ந்து ஒன்னுக்கே போவல, உதடெல்லாம் வெடிச்சிக் கீது" என்று உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தான் சொன்ன வார்த்தைதான் அதற்குக் காரணம் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டாள். அது உனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

நான் பாலிடெக்னிக் படித்தவன். சிக்கினதைத் தட்டினால் வந்துவிடும் என்று நினைக்கிறவன். கத்திரி வெயில். கூடத்தில் காற்றாடி சுற்றினாலும் அனல்தான் அடித்தது. நீ தெருவில் விளையாடிவிட்டு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய், நாக்கு உதட்டைத் தடவியது. நான் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு உன் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். "கேளு. தண்ணினு சொல்லு, குடுக்கறேன்." நீ சொல்லவில்லை. நான் கொடுக்கவில்லை. டம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்து என் விரலில் வழிந்தது, நீ அந்தத் துளியையே பார்த்தாய். அத்தை ஓடி வந்தாள். "நீயெல்லாம் மனுசனாடா? கொயந்திக்கித் தண்ணி குடுறா பாவி!" "நீ உள்ள போக்கா" என்றேன். நீ அழவில்லை. நான் விடவில்லை. "தண்ணி. ஒரு வார்த்தை. சொல்லு." நீ என் லுங்கியைப் பிடித்தாய். பிடித்துக்கொண்டு சொன்னாய்: "வேணாம்பா. நீ போவாத."

தண்ணீர் என் கையிலேயே இருக்கிறது என்பது உனக்குக் கணக்கில்லை. கேட்டால் ஆள் போவார்கள், போனால் வரமாட்டார்கள். நீ அவ்வளவு நாளும் நாக்கு வறள எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாய், என்னையும், உன்னைக் காட்டிக்கொடுத்த அத்தையையும். அன்றைக்கு டம்ளரை உன் வாயில் நானே வைத்தேன். பாதி சட்டையில் கொட்டியது.

மறுநாள் அந்த மலைக்கல்லைச் சட்டைப் பையில் போட்டுச் சோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். கண்ணாடிக் குவளையில் போட்டு ஆசிட் ஊற்றினேன். நன்றாக நுரைத்தது. தரமான கல், எந்த லாரியில் வந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். சாயந்தரம் பார்த்தபோது அடியில் கொஞ்சம் சேறு தவிர ஒன்றுமில்லை, மேலே தெளிந்து தண்ணீர் மாதிரி இருந்தது. உனக்குக் கொடுக்க அந்தக் கல்லை வைத்திருக்கலாம் என்று தேவராஜ் சொன்னான். எதற்கு? அது உன்னிடம் இருந்தால் நீ அதைக் கும்பிடுவாய், இல்லாவிட்டால் எறிவாய். இரண்டும் தேவையில்லை. அந்த மலை யாரையும் பார்த்து வாயைத் திறந்து வைக்கவில்லை. நாம் அந்த வழியாகப் போவதற்கு வெகுகாலம் முன்பே அது திறந்திருந்தது.

அன்றிலிருந்து தினமும் ஒன்று செய்கிறேன். உன்னைக் கூடத்தில் உட்காரவைத்து, "தண்ணி எடுத்தாரேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகிறேன். மொண்டுகொண்டு திரும்பி வருகிறேன். "வந்துட்டேன்" என்று சொல்லி உன் கையில் கொடுக்கிறேன். நான் போகும்போது நீ மூச்சைப் பிடித்துக்கொள்கிறாய், எனக்குத் தெரிகிறது. வந்ததும் விடுகிறாய். இன்னும் நீயாகக் கேட்கவில்லை. இது பலிக்குமா என்று எனக்குத் தெரியாது. உலையில் போட்ட கல் என்ன செய்யும் என்றுதான் எனக்குத் தெரியும்.

உனக்கு என் வயதாகும்போது, யாரையும் எதுவும் கேட்காத ஆளாக நீ ஆகியிருக்கலாம். அலுவலகத்தில் உன்னை நல்லவன், தொந்தரவில்லாதவன் என்பார்கள். உன் மனைவி, நீ எதுவுமே கேட்பதில்லை என்று அவள் தோழியிடம் பெருமையாகவோ வருத்தமாகவோ சொல்வாள். அப்படி ஆகியிருந்தால், இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கூப்பிடு. ஒரு டம்ளர் தண்ணி கொடு என்று வாயைத் திறந்து கேள். நீயே எழுந்து போகாதே. அவள் போகட்டும். அடுப்படி வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார். பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்கும், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. அந்தக் கொஞ்ச நேரத்தை நீ உட்கார்ந்தே கழிக்க வேண்டும். அவள் வருவாள். வாங்கிக் குடி.

ஒருநாள் வராமலும் போகலாம். அப்படிப் போனால், அது நீ கேட்டதால் இல்லை.

அப்பா